டெஸ்டர் ஞானபூரணத்துக்கு வந்த சர்க்கரை

சங்கரன்கோவிலிலிருந்து திருவேங்கடம் போகும் சாலையில், ஊர் முடிகிற இடத்தில் ஒரு தனியார் பால் நிலையம் இருக்கிறது. காலை ஐந்தரை மணிக்கெல்லாம் கேன்களோடு வண்டிகள் வந்துவிடும். ஒவ்வொரு கேனிலிருந்தும் ஒரு குவளை மொண்டு, முகர்ந்து பார்த்து, லாக்டோமீட்டரை மிதக்கவிட்டுப் பாலின் தரம் சொல்வது ஞானபூரணத்தின் வேலை. பதினோரு வருடமாக அதைத்தான் செய்கிறாள். பாலில் தண்ணீர் சேர்த்தால் மீட்டர் காட்டிக்கொடுத்துவிடும். அது காட்டாமலிருக்கச் சிலர் சீனியைக் கரைத்துக்கொண்டு வருவார்கள். அதற்கும் அவளிடம் ஒரு மருந்து உண்டு. அதை விட்டுச் சூடாக்கினால் சீனி கலந்த பால் சிவந்துபோகும். பால் ஊற்ற வருகிறவர்கள் பேசும்போது அவள் அவர்கள் முகத்தைப் பார்க்கமாட்டாள், கையைத்தான் பார்ப்பாள்.

இந்த வேலைக்கு வந்துதான் அவள் இப்படி ஆனாள் என்று சொல்கிறவர்கள் உண்டு. அது சரியில்லை. யாரையும் நம்பாத குணம் அவளுக்கு இருபத்திரண்டு வயதிலேயே வந்துவிட்டது.

அப்போது அவளுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மேலநீலிதநல்லூரில் பிறந்தவளைச் சங்கரன்கோவிலில் டூவீலர் உதிரிபாகக் கடை வைத்திருந்த பிரின்ஸுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஐந்தாம் மாதக் கர்ப்பத்தில் பரிசோதனைக்குப் போனபோது சிறுநீரிலும் சர்க்கரை, ரத்தத்திலும் சர்க்கரை. ஆளோ ஒல்லி, வயதோ சின்னது. சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற வகை இது, கணையம் இன்சுலினே சுரக்காது, ஆயுசுக்கும் ஊசிதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் பிரின்ஸிடம் சொன்னார். அடுக்களையில் நின்ற அவளுக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார்.

"இது இப்பம் வந்ததுன்னா நம்புதியா? கல்யாணத்துக்கு முன்னாலயே இருந்திருக்கும். மறைச்சு நம்ம தலையில கட்டிட்டாங்க."

பிரின்ஸ் ஒன்றும் சொல்லவில்லை. மாமியார் சொன்னதைவிட அவன் சும்மா இருந்ததுதான் அவளை அறுத்தது. அதோடு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. மேலநீலிதநல்லூர் வீட்டில் அவள் வயசுக்கு வந்த காலத்திலிருந்தே கழிப்பறையில் எறும்பு வரிசை பிடிக்கும். அம்மா செல்லப்பழம் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அங்கே பினாயில் ஊற்றிக் கழுவுவார். எதற்கு என்று ஒருநாளும் சொன்னதில்லை.

பிரசவத்துக்குப் போயிருந்தபோது கேட்டாள்.

"எம்மா, அந்த எறும்பு எதுக்கு வந்துச்சுன்னு ஒனக்குத் தெரியும்லா?"

"எறும்பு எல்லா வீட்லயும்தாம்ட்டி வரும்" என்றார் அம்மா. சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றோடு அம்மாவையும் அவள் நம்புவதை விட்டுவிட்டாள்.

மகள் ஷிபா நல்லபடியாகப் பிறந்தாள். ஊசி மட்டும் நிற்கவில்லை. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. எத்தனை யூனிட் போட்டாலும் சர்க்கரை ஒருநாள் முந்நூறு, ஒருநாள் எழுபது. டாக்டர்கள் மாறினார்கள், பேச்சு மட்டும் மாறவில்லை. "என்ன சாப்பிட்டீங்க? உண்மையைச் சொல்லுங்க." வீட்டில் மாமியார் சீனி டப்பாவை அவள் கைக்கு எட்டாத பரணில் வைத்தார். கல்யாண வீடுகளில் அவள் இலையில் லட்டு விழுந்தால் பக்கத்து இலைக்காரர்கள் அது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

ஷிபா மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு கோடையில் வீட்டுக் குளிர்பெட்டி பழுதாகி, உள்ளே இருந்த இன்சுலின் எல்லாம் கெட்டுப்போயிற்று. ஞானபூரணம் புதிதாக வாங்கவில்லை. வாங்க முடியாமல் இல்லை. அவளுக்கு ஒரு சந்தேகம். பக்கத்துத் தெருவில் இதே ஊசி போடுகிற ஒரு பெண்பிள்ளை மூன்று நாள் ஊசி தவறியதில் மூச்சு வாங்கி, நினைவு தப்பி, பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டிருந்தாள். தனக்கு அப்படி ஆகிறதா என்று பார்க்க நினைத்தாள். அது உயிரோடு விளையாடுகிற வேலை என்று தெரிந்தேதான் செய்தாள். பன்னிரண்டு நாள் ஆயிற்று. சர்க்கரை ஏறியது, தாகம் எடுத்தது, உடம்பு சோர்ந்தது. ஆனால் வாந்தியோ மூச்சு வாங்கலோ எதுவும் இல்லை. தினமும் கேன்களைத் தூக்கினாள், பாலைச் சோதித்தாள்.

அதை அப்போதைய டாக்டரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார்.

"பன்னிரண்டு நாள் ஊசி போடாம இருந்திருந்தா நீங்க இங்க நடந்து வந்திருக்க முடியாதும்மா. ஏன் பொய் சொல்லுதீங்க?"

பொய் சொல்கிறவர்களைப் பிடிப்பதே வேலையாக இருப்பவளுக்கு அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாக நின்றது. அன்று ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, முதலில் அந்தப் பன்னிரண்டு நாள் விவரத்தை எழுதினாள். பிறகு தினமும் என்ன சாப்பிட்டாள், எத்தனை யூனிட் போட்டாள், சர்க்கரை எவ்வளவு காட்டியது என்று எழுத ஆரம்பித்தாள். ஒரு மீட்டரை நம்பாமல் இரண்டு மீட்டர் வைத்து, இரண்டிலும் பார்த்து இரண்டையும் எழுதினாள். அப்படி ஐந்து நோட்டுகள் சேர்ந்தன.

இரண்டு வருடத்துக்கு முன்னால் டாக்டர் ஷிரின் பானு திருநெல்வேலியிலிருந்து சனிக்கிழமைதோறும் சங்கரன்கோவிலுக்கு வர ஆரம்பித்தார். முப்பது வயதுகூட இருக்காது. ஞானபூரணம் வாயைத் திறக்காமல் ஐந்து நோட்டுகளையும் மேஜையில் வைத்தாள். இவளும் என்ன சாப்பிட்டீங்க என்று கேட்கட்டும், எழுந்து போய்விடலாம் என்று நினைத்திருந்தாள். டாக்டர் கேட்கவில்லை. வெளியே ஆட்கள் காத்திருக்க, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"அக்கா, இந்தப் பன்னெண்டு நாள் நெசமா?"

"நீங்களும் பொய்னு சொல்லப் போறீங்களா?"

"இல்ல. எனக்கும் சந்தேகமாத்தான் இருக்கு."

"என் மேலயா?"

"ஒங்க மேல இல்லக்கா. ஒங்க சீட்டுல எழுதியிருக்கிற நோய் மேல."

பிறகு டாக்டர் வீட்டு ஆட்களைப் பற்றிக் கேட்டார். ஞானபூரணத்தின் அப்பா ஜெபமணி லாரி ஓட்டியவர். ஒல்லியான ஆள். முப்பது வயதுக்குள் சர்க்கரை வந்து, காலில் புண் ஆறாமல் நாற்பத்தாறில் இறந்துபோனார். அப்பாவைப் பெற்ற பாட்டிக்கும் இருந்ததாகச் சொல்வார்கள். எறும்பைப் பற்றியும் அவள் சொன்னாள். எறும்பு என்றதும் டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். பதின்மூன்று வருடம் ஊசி போட்ட பிறகும் அவள் கணையம் சொந்தமாக இன்சுலின் சுரந்துகொண்டிருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற வகையாக இருந்தால் இந்நேரம் அது வற்றியிருக்க வேண்டும். இரண்டாவது ரத்தம் சென்னைக்கு, ஜீன் சோதனைக்குப் போயிற்று. குப்பியில் ஒட்டிய பெயரை ஞானபூரணம் எழுத்தெழுத்தாக வாசித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

ஏழு வாரம் கழித்து முடிவு வந்தது. பிரின்ஸையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் டாக்டர்.

"ஒங்க நோய்க்கு ஊசி வேண்டாம்க்கா. இது வேற வகை. ஒரு ஜீன்ல பிறவியிலயே வந்த பிழை."

"வெளங்குத மாதிரி சொல்லுங்க."

"கணையத்துல இன்சுலின் செய்யுத செல் இருக்குல்லா? அது முதல்ல ரத்தத்துல சர்க்கரை எவ்வளவு இருக்குன்னு தெரிஞ்சுக்கணும். சர்க்கரை செல்லுக்குள்ள போகணும், அங்கன எரியணும். எரிஞ்சாத்தான் ஒரு கதவு மூடும். அந்தக் கதவு மூடினாத்தான் இன்சுலின் வெளிய வரும். இதுக்கெல்லாம் வேண்டிய சாமான்களை எந்தெந்த ஜீனைப் படிச்சுச் செய்யணும், எவ்வளவு செய்யணும்னு சொல்லுத ஒரு புரதம் இருக்கு. மேஸ்திரி மாதிரின்னு வச்சுக்கோங்க. ஒங்களுக்கு அந்த மேஸ்திரி பாதிதான் இருக்கான். அதனால சாமான் கொறைஞ்சு போச்சு. ரத்தத்துல சர்க்கரை ஏறி நிக்கும், செல்லுக்கு அது சரியாத் தெரியாது. உள்ள இன்சுலினை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கும்."

"அப்பம் எறும்பு?"

"அதே புரதம் சிறுநீரகத்துலயும் வேலை பாக்குது. சிறுநீர்ல போற சர்க்கரையை மறிச்சுத் திருப்பி ரத்தத்துக்கு அனுப்ப ஒரு பம்பு இருக்கு. அதுவும் ஒங்களுக்குக் கொறைவு. அதனால ரத்தத்துல ஏறுததுக்கு முன்னாலயே சிறுநீர்ல சர்க்கரை போயிருக்கும். எறும்புக்கு மொதல்ல தெரிஞ்சிட்டு."

பிரின்ஸ் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"மாத்திரை ஒண்ணு தாரேன். ஒங்க செல் சர்க்கரையைக் கண்டுபிடிக்கணும்னு அது காத்துக்கிட்டு இருக்காது. நேராப் போய் அந்தக் கதவை மூடிரும். ரொம்பக் கொஞ்சம் போதும், கால் மாத்திரை. சாப்பாட்டோட போடுங்க. ஊசியை நிறுத்திருங்க. முதல் வாரம் தெனமும் நாலு தடவை சர்க்கரை பாத்து எனக்கு அனுப்பணும்."

ஞானபூரணம் தலையாட்டிவிட்டு வந்தாள். மருந்துக் கடையில் சீட்டைக் கொடுத்தபோது கடைக்காரர் அதை இரண்டு தரம் பார்த்தார்.

"பதிமூணு வருசம் ஊசி போட்டவங்களுக்குக் கால் மாத்திரையா? இது வயசானவங்களுக்குக் குடுக்குத பழைய மாத்திரைம்மா. ஊசியைத் திடீர்னு விட்டுராதீங்க, உயிருக்கு ஆபத்து. எதுக்கும் ஒரு பெரிய டாக்டரைப் பாருங்க."

அவர் சொன்னது அவள் மனதில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததுதான். இத்தனை டாக்டர்கள் சொன்னது தப்பு, நேற்று வந்த பெண் சொல்வது சரியா? பன்னிரண்டு நாள் ஊசியில்லாமல் இருந்தது சரி, ஆயுசுக்கும் விட்டால் இந்த மாத்திரை காப்பாற்றுமா? பாதி நம்பிக்கையில் பாதி காரியம் செய்தாள். காலையில் கால் மாத்திரையும் போட்டாள், யாருக்கும் தெரியாமல் ஊசியும் போட்டாள். ஊசியைப் பால் நிலையத்துக் குளிர்பெட்டியில், பால் மாதிரிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். டாக்டருக்குச் சர்க்கரை அளவை மட்டும் அனுப்பினாள். அது நன்றாக இருந்ததால் டாக்டருக்கும் எதுவும் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் காலை ஏழு மணி இருக்கும். நிலையத்தில் கூட்டமாக நின்றார்கள். ஞானபூரணத்துக்குக் குப்பென்று வியர்த்தது. கை நடுங்கி லாக்டோமீட்டர் குவளையின் விளிம்பில் தட்டியது. விரலைக் குத்திப் பார்த்தாள், ஐம்பத்தெட்டு. மீட்டர் பொய் சொல்கிறது என்று நினைத்தாள். இன்னொரு மீட்டரில் குத்தினாள், ஐம்பத்து நான்கு. மீட்டரில் செருகும் பட்டை பழசாக இருக்கும் என்று டப்பாவைத் திருப்பிக் காலாவதித் தேதியைத் தேடினாள். எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. அப்படியே கேன்களுக்கு நடுவே சரிந்தாள்.

முதலில் ஓடி வந்தவர் சங்கரசுப்பு. முந்தின மாசிமாதம் அவர் பாலில் சீனி இருக்கிறது என்று அத்தனை பேர் முன்னால் சொல்லித் திருப்பி அனுப்பியவள் அவள். அவர் அதற்குப் பிறகு அவளோடு பேசியதில்லை. இப்போது அவளைத் தூக்கி உட்காரவைத்து, "டெஸ்டரம்மா, முழிச்சுப் பாருங்க, இதை முழுங்குங்க" என்று தன் பையிலிருந்த சீனியைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டினார். அவளுக்கு விழுங்கத் தெம்பு இருந்தது நல்லதாகப் போயிற்று. கண் திறந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "ஒங்க பையில சீனி எதுக்கு அண்ணாச்சி வந்துச்சு?"

"வீட்டுக்கு வாங்கிட்டுப் போறேன். நீங்க மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார் அவர்.

அரசு மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றி ஒருநாள் முழுக்க வைத்துப் பார்த்தார்கள். அந்த மாத்திரை உடம்பில் நெடுநேரம் நிற்கும் என்பதால் உடனே விடவில்லை. பிரின்ஸ் பால் நிலையத்துக்குப் போய் அவள் பையை எடுக்கும்போது, குளிர்பெட்டியிலிருந்த ஊசியையும் அவளுடையது என்று அங்கிருந்தவர்கள் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

"என்னட்டி இது? டாக்டரை நம்பல, சரி. என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?"

"அன்னைக்கு ஒங்க அம்மா, மறைச்சுக் கட்டிட்டாங்கன்னு சொன்னாங்க. நீங்க ஒரு வார்த்தை பேசல. அதுல இருந்து ஒங்ககிட்ட எதைச் சொல்ல?"

பதின்மூன்று வருடமாக அவள் வாய்க்குள்ளேயே வைத்திருந்தது அது. பிரின்ஸ் ஊசியைக் கையில் வைத்தபடி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். "நானும் அப்பம் அப்படித்தான் நெனச்சேன் பூரணம்" என்றான். "இப்பம் அது தப்புன்னு தெரியுது."

விஷயம் தெரிந்து டாக்டர் போனில் பேசினார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். "ரெண்டையும் போட்டும் நீங்க தப்பிச்சது பெரிய விஷயம்க்கா. மாத்திரை வேலை செய்யுதுன்னு இப்பமாவது தெரிஞ்சுதா?" என்றார். அவளுக்கு அது தெரிந்திருந்தது. ஆனாலும் ஊசியில்லாமல் மாத்திரையை மட்டும் போட்ட முதல் வாரத்தில் தினமும் எட்டு முறை விரலைக் குத்திக்கொண்டாள். மூன்று மாதச் சராசரி காட்டும் சோதனையில், எப்போதும் ஒன்பதுக்கு மேல் நின்றது ஆறரைக்கு வந்திருந்தது.

மேலநீலிதநல்லூரிலிருந்து அம்மா வந்தார். ஞானபூரணம் ஜீனைப் பற்றிச் சொன்னாள். இது அப்பா வழியில் வந்தது, அப்பாவுக்கும் இதுவாகத்தான் இருக்கும் என்றாள். செல்லப்பழம் அப்பாவைப் பற்றித்தான் கேட்டார்.

"அப்பம் அவுக அல்வா தின்னுக்கிட்டு வரலியா?"

"என்னம்மா சொல்லுத?"

"லோடு எறக்கிட்டு வந்தா அவுக சட்டைப் பையை மோந்து பாப்பேன். வாயை மோந்து பாப்பேன். களவா இனிப்பு தின்னாம சர்க்கரை எப்படி ஏறும்னு கேப்பேன். பைபிள் மேல கை வச்சுச் சொன்னாக, நான் தின்னல செல்லம்னு. நான் நம்பலியே. சாவுத வரைக்கும் நம்பலியே." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, "எறும்பு வந்தது எனக்குத் தெரியும்ட்டி. அவுக இருந்தப்பயும் அப்படித்தான் வந்துச்சு. சொன்னா ஒன்னை யாரு கட்டுவான்னு பயந்துட்டேன்" என்றார்.

அம்மாவைத் திட்ட வேண்டும் என்று இத்தனை வருடம் வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள் ஞானபூரணம். அன்றைக்கு அவற்றை எடுக்காமல் தட்டில் சோற்றைப் போட்டு அம்மா முன்னால் வைத்தாள்.

அப்பாவின் தம்பி அருள்மணி இளையரசனேந்தலில் இருந்தார். அவருக்கும் சர்க்கரை உண்டு. அவர் மகள் பெனிட்டாவுக்கு இருபத்து நான்கு வயது, மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இந்தப் பிழை இருந்தால் பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஞானபூரணம் பஸ் ஏறிச் சித்தப்பா வீட்டுக்குப் போனாள். சோதித்துப் பார்க்கச் சொன்னதும் சித்தப்பா எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஒனக்கு இதுல என்ன ஆதாயம்? அந்த டாக்டர் ஆள் பிடிக்கச் சொன்னாளா?"

"பெனிட்டாவுக்காகத்தான் சித்தப்பா சொல்லுதேன்."

"எம் பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. வார மாசம் மாப்பிள்ளை வீட்டுல இருந்து வாராங்க. பரம்பரை நோய்னு ஒரு காகிதம் வெளிய போச்சுன்னா நம்ம வீட்டுல எவன் பொண்ணு எடுப்பான்? அவகிட்ட ஒரு வார்த்தை பேசக்கூடாது நீ."

சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். பஸ் நிறுத்தத்தில் நின்று வெகுநேரம் யோசித்தாள். தன்னிடம் சொல்லாமல் மறைத்தவர்களை அவள் பதின்மூன்று வருடம் மன்னிக்கவில்லை. இப்போது அவளும் அந்த வரிசையில் சேர வேண்டும் என்கிறார் சித்தப்பா. இரண்டு பஸ்களை விட்டாள். பெனிட்டா கணினி மையத்து வேலை முடிந்து வந்து இறங்கியதும் அங்கேயே அவளை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னாள்.

பெனிட்டா குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில், "எங்க வீட்லயும் எறும்பு வருதுக்கா. அப்பா தெனமும் காலையில அவங்களே கழுவி விட்டுருவாங்க" என்றாள்.

அடுத்த சனிக்கிழமையே தனியாக வந்து ரத்தம் கொடுத்தாள். அவளுக்கும் அதே பிழை இருந்தது. சர்க்கரை இப்போதுதான் ஏற ஆரம்பித்திருந்தது, ஊசி தேவைப்படவில்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் அவளே சொன்னாள். அவர்கள் யோசித்துச் சொல்வதாகப் போனவர்கள் திரும்பவில்லை. சித்தப்பா ஞானபூரணத்தின் போன் எண்ணைத் தடுத்துவிட்டார். போன கிறிஸ்துமஸுக்கும் பேசவில்லை. பெனிட்டா மட்டும் மாதம் ஒருமுறை மருந்து வாங்க வரும்போது பால் நிலையத்தில் எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். வேறு ஓர் இடம் வந்திருக்கிறது, முதல் நாளே சொல்லிவிட்டேன், இன்னும் ஓடவில்லை என்று சென்ற முறை சொன்னாள்.

மிச்சமிருந்தது ஷிபா. பதின்மூன்று வயது. அவளைச் சோதிக்க ஞானபூரணம் எட்டு மாதம் தயங்கினாள். காலையில் கழிப்பறைத் தரையைக் குனிந்து பார்ப்பதை மகள் ஒருநாள் பார்த்துவிட்டு, "என்னம்மா தேடுத?" என்று கேட்டபோதுதான் உட்காரவைத்துச் சொன்னாள். ஷிபாவே சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

பிழை இல்லை என்று முடிவு வந்தது. டாக்டர் ஷிரின் பானு இனிப்பு வாங்கித் தரச் சொல்லிக் கேலி செய்தார். ஞானபூரணம் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னொரு தடவை பாக்கலாமா டாக்டர்?"

"ஜீன் மாறாதுக்கா."

"ஜீன் மாறாது. குப்பி மாறலாம்லா?"

டாக்டர் மறுபடியும் ரத்தம் எடுத்து அனுப்பினார். அடுத்த முடிவும் இல்லை என்றே வந்தது. அன்றைக்குத்தான் அவள் முகம் தெளிந்தது. திரும்பும் வழியில் வண்டியின் பின்னால் உட்கார்ந்திருந்த ஷிபா அவள் தோளைத் தட்டினாள்.

"எம்மா, ரெண்டு தடவையும் போனது என் ரத்தம்தான்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

ஞானபூரணம் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டுத் திரும்பி மகளைப் பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.